கால் ஊன்றாமல் ஒரு சுற்று

1

நேற்று என் வாடகை சைக்கிள் கடைக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். நியூசிலாந்தில் இந்த ஏரிக்கரைக்கு வருகிற நம் ஆட்கள் முதலில் விலைப்பலகையைப் பார்ப்பார்கள், அப்புறம் என் மூஞ்சியைப் பார்ப்பார்கள், அப்புறம் இங்கிலீஷில் ஆரம்பிப்பார்கள். இவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டு, "திருப்பதியா, சித்தூரா?" என்றேன். அந்தப் பெண் கையிலிருந்த ஹெல்மெட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

"திருப்பதிங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தமிழ்ல ஆரம்பிச்சி தெலுங்குல திட்டி முடிக்கறதுக்கு நம்ம ஜனத்தை வுட்டா வேற யாரு கீறாங்க?"

இரண்டு சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்து வைத்தேன். வழி சொன்னேன். ஏரி இடது கைப் பக்கம் இருக்கிற மாதிரி போக வேண்டும், அம்புக்குறி போட்டிருக்கும், காரோ பஸ்ஸோ ஆட்டோவோ குறுக்கே வராது, பயமே வேண்டாம் என்றேன்.

"எடமாவா சுத்தணும்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ஆமாம்மா. இங்க அதான் ரூல்ஸ்."

"அம்மோ! அது செத்தவங்களைச் சுத்தறதாச்சே."

"ஏரிக்கு இன்னா தெரியும், வா" என்று புருஷன்காரன் சிரித்தான். அவள் ஹெல்மெட்டை என் மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். ஏரியோடு சேர்த்து நாலு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

என் கடைக்குள் வந்து சைக்கிள் எடுக்காமல் போனவர்கள் குறைவு. ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னது சரி. நான் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறேன் என்று எனக்கும் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. அதுவும் தெலுங்குப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்தைச் சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டர்களைப் பார்த்துக் கற்றேன். இதில் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும். அதற்குத்தானே அவர்கள் படித்திருக்கிறார்கள்.

புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. திருப்பதி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வாடகை சைக்கிள் கடையில் காற்று அடித்தேன், பஞ்சர் ஒட்டினேன். அங்கிருந்து துபாய். துபாயிலிருந்து இங்கே ஆப்பிள் தோட்டம். ஆப்பிள் பறித்த கையோடு ஒரு பழைய ஷெட்டைப் பிடித்து இந்தக் கடையைப் போட்டேன். யாருடைய சிபாரிசும் இல்லை. இன்றைக்கு இந்த ஊர்ப் பெரிய டாக்டர் அறுந்த செயினைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிற்கிறார். அவருடைய கை கறுப்பாகிறது. என் கை எப்போதோ கறுப்பாகிவிட்டது.

ஏரியின் பெயரை எழுதினால் உங்கள் வாயில் நுழையாது. என் வாயிலேயே நுழைய வெகுகாலம் ஆனது. அதைச் சுற்றி முழுக்கச் சரளைப் பாதை. பாதித் தூரம் தண்ணீரை ஒட்டியே மரங்களுக்கு நடுவில் போகும். மீதிப் பாதியில் கரை செங்குத்தாக இருப்பதால் பாதை பின்னாலிருக்கிற குன்றில் ஏறி, வளைந்து வளைந்து இறங்கும். பொடிக்கல்லைப் பரப்பி உருளை ஓட்டியிருக்கிறார்கள். டயர் அதன் மேல் போகும்போது அரிசி களைகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. சித்தூர் ரோட்டில் டிப்பர் லாரிக்குப் பயந்து சைக்கிளோடு பள்ளத்தில் இறங்கினவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

சரளையில் ஓட்டுவதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. டயரில் காற்று கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். டயர் அமுங்கினால்தான் கல்லைப் பிடிக்கும். இறுக்கமாக அடித்துவிட்டால் சக்கரம் கல்லின் மேல் குதிக்கும், வளைவில் வழுக்கும். இதைப் படித்தவர்களுக்குச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது.

கடை போட்ட நாளிலிருந்து தினமும் கடை திறக்கும் முன் ஒரு சுற்றுப் போவேன். வலமாக, ஏரி வலது கைப் பக்கம் இருக்கும்படி. நாம் எதையும் அப்படித்தானே சுற்றுவோம், கோயிலாக இருந்தால் என்ன, தண்ணீராக இருந்தால் என்ன. பிறகு கூட்டம் பெருகியது. குன்றில் ஏறுகிறவனும் இறங்குகிறவனும் முட்டிக்கொள்ளாமல் இருக்க, எல்லாரும் இடமாகத்தான் போக வேண்டும் என்று பாதை ஆபீஸ்காரர்கள் அம்புக்குறி நட்டார்கள். ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து என் கடைச் சுவரிலேயே மாட்டினார்கள். வருகிறவர்களுக்கு அந்த அம்பைக் காட்டி இடப்பக்கம் அனுப்புவேன். நான் மட்டும் வலமாகப் போவேன். அம்பு நடுவதற்கு முன்பே இங்கே இருந்தவன் நான்.

3

என் மனைவி சரோஜா, புத்தலப்பட்டுக்காரி. பெண் கேட்டு நான் போனபோது அவளுடைய அண்ணன் துரைசாமி காக்கிச் சட்டையைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான். திருப்பதியிலிருந்து திருமலைக்கு மலை பஸ் ஓட்டுகிற டிரைவர். "சைக்கிளுக்குக் காத்தடிக்கிறவனுக்கா எந் தங்கச்சி?" என்று என் காதில் விழும்படியாகவே சொன்னான். அவர்கள் அப்பா ஒத்துக்கொண்டதால் கல்யாணம் நடந்தது. மச்சான் சொன்னதை நான் மறக்கவில்லை. மறக்கிற ஆள் இல்லை நான்.

சரோஜா என்னோடு இங்கே வந்தாள், குளிரில் நடுங்கினாள், ரவியைப் பெற்றாள், வளர்த்தாள். ரவிக்குச் சின்ன வயதில் நான் நைனா. அப்புறம் டாடி. இப்போது டேட். வேறு ஊரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை போனில் இங்கிலீஷில் நலம் விசாரிப்பான். சரோஜா தமிழில் பதில் சொல்வாள். இருவருக்கும் புரிந்த மாதிரியே நடந்துகொள்வார்கள்.

சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு நெல்லூர்க்காரர் இறந்துபோனார். நானும் சரோஜாவும் போயிருந்தோம். பெட்டியை உருளைகள் மேல் வைத்தார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் பொத்தானை அமுக்கினார். பெட்டி தானாக நகர்ந்து போனது, திரை மூடிக்கொண்டது, எல்லாருக்கும் டீ கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சரோஜா புடவையை மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அவரை யாருமே சுத்தலையே" என்றாள்.

"அங்க சுத்தறதுக்கு எடம் ஏது?"

"நான் செத்தா யாரு சுத்துவாங்க? ரவிக்கு எந்தப் பக்கமா சுத்தணும்னாவது தெரியுமா?"

அன்றிலிருந்து ஒரே பேச்சு. அண்ணன் வீட்டுக்கே போய்விடுகிறேன், கடைசிக் காலத்தை அங்கேயே கழித்துக்கொள்கிறேன் என்று. நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கேட்டவுடன் எதையும் எடுத்துக் கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு. எனக்கு யாரும் அப்படிக் கொடுக்கவில்லை.

அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். துரைசாமி ஓய்வு பெற்று வீட்டில் இருந்தான். விசா மனுவில் எதற்குப் போகிறாய் என்று கேட்ட இடத்தில் 'தங்கையைத் திரும்ப அழைத்து வர' என்று உள்ளதை எழுதியிருக்கிறான். மறுத்துவிட்டார்கள். அடுத்த தடவை 'இயற்கைக் காட்சி பார்க்க' என்று எழுதினான். உடனே கிடைத்தது.

4

வந்த அன்றைக்கே தோசையைத் தின்றுவிட்டுக் கை கழுவாமல் ஆரம்பித்தான்.

"மாப்ளே, அவளை இட்டுக்கினு போலாம்னு வந்தேன்."

"என் பொண்டாட்டியை எங்கிட்ட கேக்கணும்னு தெரிஞ்சிருக்கே, சந்தோஷம்."

"கேக்கல. சொல்லிக்கினு கீறேன்."

"இந்த வூட்ல நான் சொன்னாதான் சொன்னது மச்சான்."

அவன் ஜன்னல் வழியாகக் கடையைப் பார்த்தான். வரிசையாகச் சைக்கிள்கள், நடுவில் காற்றடிக்கிற பம்ப்.

"இங்க வந்தும் காத்துதான் அடிச்சிக்கினு கீற. ஊருதான் மாறிச்சி."

இதற்காகத்தான் அவன் கடல் தாண்டி வந்தான் போலிருந்தது. நான் சிரித்தேன்.

"நாளைக்குக் காலையில என்னோட சேந்து சைக்கிள்ல ஏரியை ஒரு ரவுண்டு வா. கால் தரையில படாம சுத்தி முடிச்சிட்டியா, அவளை இட்டுக்கினு போ. நடுவுல கால் ஊணினியா, இந்தப் பேச்சை இதோட வுட்டுடணும். நீயும், அவளும்."

"சரி."

சரோஜா தோசைக் கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்து நின்றாள். "என்னை வெச்சா பந்தயம் கட்றீங்க? ரெண்டு பேரும் நாசமாப் போங்க" என்றாள். உள்ளே போனாள். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"எந்தப் பக்கமா சுத்தப் போறீங்க?"

"வலமாத்தான்."

"வலமாவே சுத்துங்க. எடமாச் சுத்தினா நான் ஒத்துக்க மாட்டேன்."

பந்தயத்துக்கு அவளும் சம்மதித்துவிட்டாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மச்சானுக்கு நல்ல சைக்கிளாகத்தான் எடுத்து வைத்தேன். குறை சொல்ல முடியாது. இரண்டு டயரிலும் காற்றை மட்டும் கல்லு மாதிரி ஏற்றினேன். காத்தடிக்கிறவன் என்றாயே, இந்தா வாங்கிக்கொள்.

5

குரங்குக் குல்லாயும் பழைய காக்கி பேண்ட்டுமாக வந்தான். சாமி கும்பிட்டுவிட்டுப் பெடலில் கால் வைத்தான்.

"மாப்ளே, அம்பு அந்தப் பக்கம் காட்டுதே?"

"அது வெள்ளைக்காரனுக்கு. நீ வா."

சமதரையில் நான் முன்னால் போனேன். பின்னால் அவனுடைய சக்கரம் கல்லுக்குக் கல் குதிக்கிற சத்தம் கேட்டது. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த கை விரல்கள் வெளுத்திருந்தன. கால் மட்டும் பெடலை விட்டு எழவில்லை.

குன்றின் அடிவாரத்தில், "கியர் போடத் தெரியுமா மச்சான்?" என்றேன்.

"மலை மேல கியர் போட எனக்கே சொல்லித் தரியா?"

இருப்பதிலேயே சின்ன கியரைப் போட்டுக்கொண்டு, நடக்கிறவன் வேகத்தில், திருமலைக்கு பஸ் ஏற்றுகிற மாதிரியே ஏற ஆரம்பித்தான். வளைவுக்கு வளைவு மணி அடித்தான். மலைச்சுவரை ஒட்டியே வந்தான்.

"யாருக்கு மச்சான் மணி அடிக்கிற? பஸ்ஸா ஓட்ற?"

"எதுக்க வர்றவனுக்கு."

"ஒருத்தனும் வரமாட்டான்."

"இல்ல மாப்ளே. நம்ம மலைக்கு ஏற ஒரு ரோடு, எறங்க ஒரு ரோடு. இதைப் பாத்தா எறங்கற ரோடு மாதிரியே கீது."

அவன் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கிழவனும் கிழவியும் மேலிருந்து இறங்கி வந்தார்கள். எங்களைத் தாண்டும்போது கையை ஆட்டி ஏதோ கத்தினார்கள். நானும் கையை ஆட்டினேன்.

"இன்னா சொல்லிட்டுப் போறாங்க?"

"குட் மார்னிங் சொல்றாங்க."

பாதி மேடு ஏறியும் அவன் இறங்கவில்லை. மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. நான் வேகத்தைக் கூட்டினேன். என்னைப் பிடிக்கப் பார்த்தானானால் திணறிக் கால் ஊன்றிவிடுவான் என்பது என் கணக்கு. அவன் பிடிக்கவே பார்க்கவில்லை. அதே கியர், அதே மணி. எனக்கு எரிச்சலாக இருந்தது. எழுந்து நின்று மிதித்து வளைவைத் திரும்பினேன்.

சிவப்பு ஸ்வெட்டர் போட்ட பெண் ஒருத்தி முழு வேகத்தில் எதிரில் வந்தாள். அவள் சுவர்ப் பக்கம் ஒடித்தாள். நான் பள்ளத்துப் பக்கம் ஒடித்தேன். என் பின்சக்கரம் சரளையை விட்டு வெளியே போனது. ஓரத்துப் பாறையில் என் தொடை மோதிய சத்தத்தை நானே கேட்டேன். விறகு ஒடிகிற மாதிரி இருந்தது.

அந்தப் பெண் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். போனை எடுத்துப் பார்த்தாள். அந்த இடத்தில் சிக்னல் கிடையாது. மணிச் சத்தம் கேட்டது. துரைசாமி வளைவைத் திரும்பி வந்தான். என்னைப் பார்த்தான். மலைச்சுவரில் கையை ஊன்றிச் சாய்ந்து நின்றான். இரண்டு காலும் பெடலிலேயே இருந்தன.

"உயிர் கீதா மாப்ளே?"

"கீது."

"எலும்பு?"

"தொடை போச்சி. எறங்கி வா மச்சான்."

அவன் தரையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"எறங்கினா பந்தயம் இன்னா ஆவும்?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அந்தப் பெண் அவனைப் பார்த்து, வந்து பிடி, வந்து பிடி என்று இங்கிலீஷில் கத்தினாள்.

"சொல்லு மாப்ளே. நீதான் பந்தயம் கட்டினவன். எறங்கினா இன்னா ஆவும்?"

"எறங்கினா தோத்த" என்றேன்.

"அப்போ முடிச்சிட்டுப் போயி ஆளை அனுப்பறேன்."

கையால் மலையைத் தள்ளிவிட்டுப் பெடலை மிதித்தான். மேலே அடுத்த வளைவில் மணி அடித்தது. அதற்கும் மேலே இன்னொரு வளைவில் அடித்தது. அந்தப் பெண் தன் சிவப்பு ஸ்வெட்டரைக் கழற்றி என் மேல் போர்த்தி, அது யார் என்று கேட்டாள். மனைவியின் அண்ணன் என்றேன். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

6

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டாள். நம் ஊரில் வலிக்கு மார்க் போடுகிற பழக்கமில்லை. பல்லைக் கடித்தால் வலிக்கிறது என்று அவர்களே தெரிந்துகொள்வார்கள். நான் கொஞ்சம் தைரியமாகவே இருக்கட்டும் என்று மூன்று என்றேன். மூன்றுக்கு உண்டான மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதை வைத்துக்கொண்டு ராத்திரியை ஓட்டினேன். நான் சொன்ன சொல்லை மாற்றுகிறவன் இல்லை.

சரோஜா வந்தாள். கட்டிலின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் துரைசாமி. என் கன்னத்தில் இன்னும் பொடிக்கல் ஒட்டியிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் என்னைத் தாண்டி அவனைப் பார்த்தாள்.

"கால் ஊணினியாண்ணா?"

"ஊணல."

"எங்கயுமே?"

"கை ஊணினேன். மலை மேல."

அவள் என் பக்கம் திரும்பினாள். "கை கணக்கா?"

கணக்கு என்று சொல்லியிருக்கலாம். துரைசாமி வாயைத் திறந்திருக்க மாட்டான். அவன் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்தது. ஆனால் காற்றடிக்கிறவன் பேச்சு மாறினான் என்று அந்த வாயிலிருந்து இன்னொரு முறை கேட்க நான் தயாராக இல்லை.

"காலுன்னுதான் சொன்னேன். கையைப் பத்திப் பேசல."

"அப்போ டிக்கெட் போடுண்ணா" என்றாள்.

மறுநாள் தொடையில் கம்பி வைத்தார்கள். ரவி விமானத்தில் வந்து இறங்கினான். கதவருகே நின்றுகொண்டு, "நைனா, அம்மாவை வெச்சி பந்தயம் கட்டினியா? அம்மா இன்னா சைக்கிளா?" என்றான். எத்தனையோ வருடத்துக்கு அப்புறம் முழுசாகத் தமிழில் பேசினான். திட்டுவதற்காவது பாஷை மிஞ்சியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

பாதை ஆபீஸ்காரர் ஒருவரும் வந்தார். ஒரு கையில் பூங்கொத்து, மறு கையில் எச்சரிக்கைக் கடிதம். இரண்டையும் ஒரே சிரிப்போடு கொடுத்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் துரைசாமி என் கட்டுப் போட்ட காலைத் தடவிப் பார்த்தான்.

"எலும்பு ஒடைஞ்சா எங்கெங்கயோ இருந்து புத்தூருக்கு வந்து கட்டுப் போட்டுக்கினு போறாங்க. புத்தூரான் நீ இங்க கம்பி சொருவிக்கினு படுத்துக்கினு கீற."

"நீயும் வாயேன்" என்றாள் சரோஜா. அவள் குரல் அப்போது வேறு மாதிரி இருந்தது. "எண்ணெய்க் கட்டுப் போட்டுக்கலாம். மூணு பேருமே போயிடலாம். கடையை வித்துடு."

"தோத்தவன் ஜெயிச்சவன் வூட்ல சோறு துன்னமாட்டான்."

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அப்போ இங்கயே துன்னு" என்றாள்.

அவள் வெளியே போன பிறகு துரைசாமி குனிந்து மெதுவாகச் சொன்னான்: "டயர்ல காத்து ஜாஸ்தி மாப்ளே. மொத வளைவுலயே தெரிஞ்சிக்கினேன்."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா எறங்கிக் காத்தைப் புடுங்கிக்கோன்னு சொல்லுவ."

7

அவள் போய் ஒரு வருடம் ஆகிறது. என் கால் நன்றாகவே கூடிவிட்டது. இந்த வயதில் இப்படிக் கூடி டாக்டர் பார்த்ததே இல்லையாம். லேசாக நொண்டுகிறேன், அவ்வளவுதான். சைக்கிள் மேல் உட்கார்ந்துவிட்டால் நொண்டுவது தெரியாது.

சரோஜா சனிக்கிழமை போன் செய்வாள். இங்கே முட்டி வலி என்று மாடிப்படி ஏறாதவள், அங்கே அண்ணனோடு திருமலைக்குப் படி ஏறிப் போகிறாளாம். பின்னால் ஆட்டோ ஹாரன் கேட்கும். யாரோ அவளைக் கூப்பிடுவார்கள். "இரு, பேசிக்கினு கீறேன்" என்று அவர்களிடம் சொல்வாள். எனக்குச் சொல்வதற்கு அவளிடம் அதிகம் இருக்காது. கடைசியில் தவறாமல் ஒரு கேள்வி கேட்பாள்.

"இப்ப எந்தப் பக்கமா சுத்தற?"

"வலமாத்தான்."

அது பொய். தினமும் காலையில் கடை திறக்கும் முன் இடமாகச் சுற்றுகிறேன். ஏரி என் இடது கைப் பக்கம் வருகிறது. எதிரில் யாரும் வருவதில்லை. ஆபீஸ்காரர் பார்த்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறார். ரவி போனில், டேட் கடைசியில் ரூல்ஸ் கற்றுக்கொண்டார் என்று பெருமைப்படுகிறான். கடிதத்துக்குப் பயந்துதான் மாறினேன் என்று இங்கே எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும்.

புத்தலப்பட்டுப் பக்கம் போகிறவர்கள் யாராவது அவளைப் பார்த்தால், உன் புருஷன் வலமாகத்தான் சுற்றுகிறான் என்றே சொல்லுங்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மச்சான் இதைப் படித்துக் காட்ட மாட்டான்.

நான் பொத்தான் அமுக்குகிற ஊரில்தான் போகப்போகிறேன். ரவி கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நிற்பான். நல்ல பிள்ளை, அழவும் செய்வான். ஆனால் எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. சுற்ற வேண்டும் என்பதே தெரியாது. சொல்லிக் கொடு என்று நானும் யாரிடமும் போய் நிற்கமாட்டேன். இந்தக் கடையை நானே போட்டேன், இந்த வீட்டை நானே கட்டினேன். இதையும் நானே செய்துகொண்டிருக்கிறேன், ஒரு நாளைக்கு ஒரு சுற்று.